எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள்

அந்த ஜன்னல் கண்ணாடியைப் பாதி இழுத்து விடுங்களேன். முழுக்க வேண்டாம், பாதி. காற்றும் வேண்டும், காதும் அடைக்கக் கூடாது. ஆ, அவ்வளவுதான். வத்தலகுண்டு போகிறவரைக்கும் இந்த வளைவுகள் தீராது. வயிற்றைப் புரட்டினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், என்னிடம் எலுமிச்சம்பழம் இருக்கிறது. சொல்லாமல் மட்டும் என் மேல் சாய்ந்துவிடாதீர்கள். இந்தப் புடவையை நான் கோயிலுக்கு மட்டும்தான் கட்டுவது.

மதுரைக்கா? நாங்களும் மதுரைக்குத்தான். நாங்கள் என்றால், அதோ, டிரைவருக்குப் பின்னால் நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். அமலதாஸ். பண்ணைக்காட்டுக்கு மேலே எங்களுக்குக் காப்பித் தோட்டம். வீட்டில் ஜீப் நிற்கிறது. இருந்தும் பஸ். ஏன் என்று கேட்டால், "ஓட்டப் பிடிக்கல கிளாரா" என்கிறார். பிடிக்கவில்லையாம். கியர் போடக்கூட அலுப்பு. அறுபது வயது இன்னும் ஆகவில்லை, அதற்குள் இந்த மனுஷருக்கு எல்லாமே அலுப்பு.

அவர் பக்கத்தில் இடம் இருந்தது. நான்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். பேசினால் சண்டை வரும். பேசாமல் இருந்தால் எனக்குத் தலைவலி வரும். உங்கள் பெயர் என்ன? செண்பகமா? நல்ல பெயர். நீங்கள் எதற்கு மதுரைக்கு? மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களா? அடடா. போய்ப் பாருங்கள். நாங்களும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம் என்று அவர் சொல்லுவார். நம்பாதீர்கள். நாங்கள் போவது துப்பாக்கி ரிப்பேர் கடைக்கு.

ஆமாம், துப்பாக்கி. பயப்படாதீர்கள், துப்பாக்கி கடையில் இருக்கிறது. என் கைப்பையில் இருப்பது இதுமட்டும்தான். பாருங்கள். கைக்குட்டையைப் பிரித்தே காட்டுகிறேன். வளைந்த ஒரு இரும்புத் துண்டு, என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இதுதான் ட்ரிக்கர். விரல் வைத்து இழுப்பார்களே, அது. துப்பாக்கி கம்பெனியிலிருந்து வந்தபோது அதோடு வந்தது. இதைக் கழற்றிவிட்டு வேறு ஒன்று போட்டார் என் வீட்டுக்காரர். அதனால்தான் வந்தது எல்லாம்.

கேட்கிறீர்களா, தூங்குகிறீர்களா? கேட்கிறீர்கள். சரி.

அது என் மாமனாருடைய வேட்டைத் துப்பாக்கி. சூசைநாதர் என்று அவர் பெயர். மலையில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கிழவர்கள் எழுந்து நிற்பார்கள். அவர் காலத்தில் லைசன்ஸ் வாங்கிக்கொண்டு வேட்டையாடினார்கள். இப்போது யார் வேட்டையாட முடியும்? ஒரு முயலைச் சுட்டாலும் உள்ளே போக வேண்டியதுதான். அதனால் என்ன, துப்பாக்கி இருக்கிறதே, அதைத் துடைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும், கொஞ்ச வேண்டும். பெற்ற மகளைக்கூட இவர் அப்படித் துடைத்ததில்லை.

வருஷத்தில் ஒரு நாள் அதற்கு வேலை. காப்பி எடுப்பு முடிந்தவுடனே எங்கள் மலைத் தோட்டக்காரர்கள் கிளப்பில் ஒரு பந்தயம் நடக்கும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காட்டுப்பன்றி படம் போட்ட அட்டையை நட்டு வைப்பார்கள். இந்தப் பக்கத்திலிருந்து சுட வேண்டும். ஆளுக்கு ஐந்து குண்டு. ஜெயிக்கிறவருக்கு என் மாமனார் பெயரில் ஒரு கோப்பை. பெரும்பாலும் அது எங்கள் வீட்டு அலமாரியை விட்டு நகர்ந்ததே இல்லை. இவருக்கு அந்த ஒரு நாள்தான் வருஷம். மற்ற நாளெல்லாம் மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்ப்பது. அந்த ஒரு நாள் மட்டும் மனுஷர் நிமிர்ந்து நடப்பார். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அப்படி ஒரு நாளில்தான் முதல் தடவையாக, பரவாயில்லை, ஏமாந்துவிடவில்லை என்று நினைத்தேன்.

அந்தப் பந்தயத்துக்கு ஒரே ஒரு சட்டம். துப்பாக்கி கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். முக்கியமாக ட்ரிக்கரைத் தொடக் கூடாது. என் மாமனார் போட்ட சட்டம். அவருடைய சிநேகிதர் ஒருத்தர், ட்ரிக்கரை அரத்தால் ராவி ராவி, பூப்போல ஆக்கி வைத்திருந்தாராம். ஜீப்பிலிருந்து இறங்கும்போது துப்பாக்கி தட்டி வெடித்து, கூட வந்த ஆளுக்குப் பாதம் போய்விட்டது. அதிலிருந்து மாமனார், "விசை கனமா இருக்கறது நம்மளக் காப்பாத்தறதுக்கு" என்று சொல்லிச் சொல்லியே இவரை வளர்த்தார்.

எப்படிச் சோதிப்பார்கள் தெரியுமா? குண்டு போடாமல் துப்பாக்கியைச் சுடத் தயாராக இழுத்து வைத்துச் செங்குத்தாக நிறுத்துவார்கள். ட்ரிக்கரில் ஒரு கம்பிக் கொக்கி மாட்டி, காப்பிக்கொட்டை நிறுக்கிற இரண்டு கிலோ எடைக்கல்லை அதில் கட்டித் தரையில் வைப்பார்கள். அப்புறம் துப்பாக்கியை மெல்ல மேலே தூக்க வேண்டும். கல் தரையை விட்டு எழும்பித் தொங்க வேண்டும், துப்பாக்கி வாயைத் திறக்கக் கூடாது. கல் எழும்பும் முன்னால் 'டக்' என்றால், நீங்கள் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான். பெண்கள் நாங்கள் ஷாமியானாவில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டு இதைப் பார்ப்போம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் இவர் துப்பாக்கியைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன். இவர் எதிரே உட்கார்ந்து வெறும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இழுக்கிறார், விடுகிறார். இழுக்கிறார், விடுகிறார். 'டக்' என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டு நடுவிரலைப் போட்டுப் பார்க்கிறார். அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து.

"என்னங்க அது, அம்மி கொத்தறவன் மாதிரி?" என்றேன்.

"விசை இறுகிப்போச்சு போல கிளாரா."

"எண்ணெய் போடுங்க."

"போட்டேன்."

துப்பாக்கியை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம், "நீ இத ஒரு தடவ இழுத்துப் பாரேன்" என்றார்.

முப்பது வருஷத்தில் என்னை அந்தத் துப்பாக்கியைத் தொட விட்டதில்லை. எனக்கு என்ன பயம்? கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து இழுத்தேன். முதலில் கொஞ்சம் சும்மா வந்தது. அப்புறம் ஓர் இடத்தில் நின்றுகொண்டு, வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தது, எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் மாதிரி. எனக்கு முரண்டு பிடிக்கிறதையெல்லாம் இழுத்துப் பழக்கம். ஒரே இழுப்பு. டக்.

"அப்ப துப்பாக்கி மேல தப்பில்ல" என்றார்.

எப்படிக் குத்துகிறார் பாருங்கள். பெண்பிள்ளை இழுத்துவிட்டாளே என்று பொறுக்கவில்லை. அன்றைக்கு அந்தப் புளிக்குழம்பை ஸ்பூனால் தின்றார். கையால் சாப்பிடுவது நாகரிகம் இல்லையாம் இப்போது. கான்வென்ட்டில் படித்தது நான், ஸ்பூன் பிடிப்பது அவர்.

அப்புறம் மதுரைக்குப் போக ஆரம்பித்தார். அந்த ரிப்பேர் கடைக்குத்தான். எனக்குக் கண்ணில் புரை, இடது கண், டாக்டருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் கேட்டு எத்தனை நாள் ஆகிறது என்று நினைக்கிறீர்கள்? அதற்கு நேரம் இல்லை. துப்பாக்கிக்குக் கண் வலித்தால் மறுநாளே மதுரை. சொக்கலிங்கம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார். அவர்தான் கிளப் செக்ரட்டரி, பக்கத்துத் தோட்டம், அவரும் உடந்தை என்று அப்போது எனக்குத் தெரியாது.

துணி துவைக்கும்போதுதான் கண்டுபிடித்தேன். சட்டைப் பையில் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் இந்தத் துண்டு. பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"இது என்ன?"

"பழைய விசை."

"பழசு இங்க இருந்தா, துப்பாக்கில என்ன இருக்கு?"

"புதுசு. கடைக்காரர் செஞ்சு குடுத்தார். ஸ்பிரிங்கும் மாத்தியிருக்கார். தொட்டாப் போதும் கிளாரா."

தொட்டால் போதும்! சின்னப் பிள்ளைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி முகம். "உங்கப்பா இருந்தா உங்களச் சுட்டிருப்பார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இந்த ஒரு வருஷம் மட்டும். ஒரே ஒரு தடவ சுட்டுட்டு எடுத்துடறேன். யாரும் நம்ம துப்பாக்கியில கல்லக் கட்ட மாட்டாங்க" என்றார்.

அதுதான் எனக்கு ஆத்திரம். திருடுவதும் போதாமல், நம்மைச் சோதிக்க மாட்டார்கள் என்ற தைரியம்! எங்கள் மதர் செலஸ்டின் தையல் வகுப்பில் ஒரு தையல் பிசகினால் முழு வரிசையையும் பிரித்துப் போடச் சொல்வார். அழுதாலும் பிரிக்க வேண்டும். நான் அப்படி வளர்ந்தவள். தலை நரைத்த பிறகு ஒரு தகரக் கோப்பைக்காக அப்பா போட்ட சட்டத்தை மகன் உடைப்பாராம், நான் கேக் தின்றுகொண்டு பார்ப்பேனாம்.

பந்தயத்தன்று காலையில் கண்ணாடி முன்னால் நிற்கிறார், நிற்கிறார், வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால், கழுத்துப் பொத்தான். அந்தப் பொத்தானோடு மல்யுத்தம். "கிளாரா, இதக் கொஞ்சம்" என்றார். "ஏன், கல்யாண மாப்பிள்ளையா?" என்று கேட்டுக்கொண்டே போட்டுவிட்டேன். அன்றைக்கு மட்டும் இல்லை, இப்போதெல்லாம் தினமும் இதே கதைதான். வயதாக ஆக ஆண்களுக்குக் கொஞ்சல் கூடுகிறது. கொடுத்து வைத்த மனுஷர். எனக்கு யார் பொத்தான் போட்டுவிடுகிறார்கள்?

கிளப்பில் எல்லாருடைய துப்பாக்கியிலும் எடைக்கல் தொங்கியது. எல்லாம் பாஸ். இவர் முறை வந்தது. சொக்கலிங்கம் கல்லைக் கையில் எடுத்தார், இவரைப் பார்த்தார், கல்லைக் கீழே வைத்துவிட்டார்.

"அமலண்ணன் துப்பாக்கிக்கு எதுக்குய்யா டெஸ்ட்டு? சட்டம் போட்டதே அவங்க அப்பாதானே. நீங்க போய்ப் படுங்கண்ணே" என்கிறார். படுத்துக்கொண்டுதான் சுடுவார்கள். அங்கே இருந்த ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மற்ற வருஷங்களில் ஒரு குண்டு கூடக் குறைய என்றால் அடித்துக்கொள்கிற ஆட்கள். எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள். பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஆமாமா, அவர் சுடட்டும், அவர் சுடட்டும்" என்கிறார். என்னவோ திவ்ய நற்கருணைக்கு வழி விடுகிற மாதிரி.

நான் எழுந்தேன். கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"சொக்கலிங்கம், எல்லார் துப்பாக்கிக்கும் தொங்கவிட்ட எடைக்கல்லை இதுக்கும் தொங்கவிடுங்க" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேச வராது, நீங்களே பார்க்கிறீர்கள். சொக்கலிங்கத்தின் பெண்சாதி மீனலோசனி என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள், "அக்கா, உக்காருங்க, அக்கா." நான் உட்காரவில்லை. "எதுக்குத் தயங்கறீங்க? சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான்."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ரயில் போன பிறகு தண்டவாளத்தைப் பார்ப்பார்களே, அப்படி. அப்புறம் தானே குனிந்து கொக்கியை எடுத்து மாட்டப் போனார். அதுவும் மாட்ட வரவில்லை. கொக்கி நழுவி நழுவிக் கீழே விழுகிறது. குற்றமுள்ள கை நடுங்கத்தானே செய்யும்? சொக்கலிங்கம்தான் வாங்கி மாட்டினார், தலையே நிமிராமல்.

துப்பாக்கியைத் தூக்கினார்கள். கல் அசையக்கூட இல்லை.

டக்.

இவர், "சரிதான். கிளாரா சொன்னது சரிதான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். துப்பாக்கியை உறையில் போட்டார். அதாவது, போடப் பார்த்தார், மற்றவர்கள் போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொருத்தரும் வந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்டீர்களா அநியாயத்தை? பிடிபட்டவருக்கு ஆறுதல், பிடித்தவளோடு பேச ஆள் இல்லை. அந்த வருஷக் கோப்பையை யாருக்கும் கொடுக்கவும் இல்லை. சும்மா மேஜை மேலே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மீனலோசனி என்னைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "அக்கா, உங்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டாள்.

"என்ன தெரியணும்? அந்த ட்ரிக்கரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்ததே நான்தான். எனக்குத்தான் எல்லாருக்கும் முன்னால தெரியும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள்.

நீங்கள் ஏன் அடிக்கடி அவர் கையையே பார்க்கிறீர்கள்? பையிலிருந்து எடுக்க மாட்டார், நான் சொல்கிறேனே. குளிர் என்பார். வலது கைக்கு மட்டும் குளிர். கோயிலில்கூட, இத்தனை வருஷம் நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்கியவர், இப்போது வாயைத் திறந்து நாக்கை நீட்டுகிறார், பழைய காலத்துக் கிழவிகள் மாதிரி. பக்தி முற்றிவிட்டது என்று சாமியார்கூட மெச்சிக்கொண்டார். பக்தி இருக்கிற ஆள் ட்ரிக்கரை மாற்றுவாரா?

எப்போதிலிருந்தா? என்ன எப்போதிலிருந்து? கையா? எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன கைக்குக் காவலா? போன வருஷம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு நட்சத்திரம் கட்டும்போது ஏணியிலிருந்து அதைத் தவறவிட்டார். கண்ணாடி நட்சத்திரம், என் அம்மா வீட்டுச் சீர். அன்றைக்கு நான் பேசின பேச்சில் இரண்டு நாள் தோட்டத்திலேயே கிடந்தார். அப்போது பார்த்தேன், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையே இல்லை, குழி விழுந்திருக்கிறது. "சோறு போடாம பட்டினி போடறேன்னு ஊருக்குக் காட்டறதுக்கா?" என்று கேட்டேன். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது, என் சமையலை நீங்கள் சாப்பிட்டதில்லை.

மறுபடியும் அவர் கையையே பார்க்கிறீர்களே. சரி, நானே முடிக்கிறேன்.

பந்தயத்துக்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. நான் பேசினேன், அவர் பேசவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நீங்கள் சுடத் தெரியாமல் ட்ரிக்கர் கனம் என்கிறீர்கள் என்றேன். "ஆமா" என்றார். ஆமா என்று சொல்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்? சுவரில் பந்து அடித்தாலாவது திரும்பி வரும்.

போன வாரம் சொக்கலிங்கம் ஜீப்போடு வந்தார். துப்பாக்கியையும் இவரையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனார். பழைய ட்ரிக்கரையே திரும்பப் போட வேண்டும், சட்டப்படி இருக்கட்டும் என்று நான்தான் விரட்டினேன். போனவர்கள் துப்பாக்கியைக் கடையில் விட்டார்கள், ஆனால் இந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார்கள். எடுத்துக் கொடுத்தனுப்பாதது என் தப்பாம், அது வேறு. அப்படியே போகிற வழியில் ஒரு நரம்பு டாக்டரிடமும் காட்டினார்களாம். இவருக்கு நரம்பு! பள்ளிக்கூடத்தில் காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைக்கு மறுநாள் காய்ச்சல் வரும், எங்கள் மதர் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இது அந்தக் காய்ச்சல். கையில் ஊசி குத்தி, கரண்ட் வைத்தெல்லாம் பார்த்தார்களாம். திரும்பி வந்து, "அடுத்த தடவ வரும்போது ஒய்ஃபையும் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னார்" என்கிறார்.

என்னை எதற்கு? நோயாளி அவர். எனக்கு அங்கே என்ன வேலை? "அதை உங்ககிட்டயே சொல்ல வேண்டியதுதானே" என்றேன். "எங்கிட்ட சொல்லிட்டார்" என்றார். "என்னன்னு சொன்னார்?" என்று கேட்டால், "நீயும் வா, அவரே சொல்லட்டும், அவர் நல்லாச் சொல்றார்" என்கிறார். நன்றாகச் சொல்கிறாராம். என்ன, பாட்டா பாடுகிறார்?

அதனால் நான் கணக்காகச் சொல்லிவிட்டேன். முதலில் கடை. கடையில் இந்த ட்ரிக்கரைக் கொடுத்து, என் கண் முன்னால் மாட்டி, எடைக்கல் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் டாக்டர். கடைக்காரர் மத்தியானம் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். டாக்டர் எங்கே ஓடிவிடப் போகிறார்?

ஏன், முதலில் டாக்டரிடம் போ என்கிறீர்கள்? எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறீர்கள். மீனலோசனியும் காலையில் பஸ்ஸில் ஏற்ற வந்து, இதையேதான் சொன்னாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள் வேறு. நாங்கள் என்ன சீமைக்கா போகிறோம்?

வத்தலகுண்டு வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்பான். எழுந்திருக்காதீர்கள், இடம் போய்விடும். அவர் இறங்குகிறார், டீ வாங்கத்தான். எனக்கு டீ வேண்டும் என்று எப்படியோ தெரியும் அவருக்கு, அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. சண்டையானாலும் டீ வந்துவிடும்.

அதோ வருகிறார். பாருங்கள், பாருங்கள் அந்த லட்சணத்தை. ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவர இரண்டு கை. வலது கையில் கிளாஸ், இடது கையால் அந்த வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பூசை பாத்திரம் தூக்குகிற மாதிரி. பாதி டீ ரோட்டில். ஸ்வெட்டரெல்லாம் டீ. இடது கையிலேயே கொண்டுவர வேண்டியதுதானே? இடது கையால் எனக்கு எதுவும் கொடுக்க மாட்டார். அப்படி ஒரு மரியாதை. மரியாதையைப் பிழிந்தா குடிப்பது?

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் செண்பகம், ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்கிறேன். கொண்டாங்க இப்படி. பாதிதான் இருக்கு. உங்களுக்கு எங்கே?

"எனக்கு வேணாம் கிளாரா."

ஏன் வேணாம்? காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல நீங்க. இந்தப் பொத்தானை ஏன் கழற்றினீங்க? இப்படி ஜன்னல் பக்கம் வாங்க, போட்டுவிடறேன். கழுத்தை நீட்டுங்க.

"கிளாரா, அந்த விசை பையில இருக்கா?"

இருக்கு. செண்பகத்துக்குக்கூடக் காட்டினேன்.

"பத்திரம். கடையில குடுத்துப் பழசையே போட்டுறலாம், நீ சொன்ன மாதிரி. சொக்கலிங்கத்துகிட்டப் பேசிட்டேன். லைசன்ஸ்காரங்ககிட்டயும் எழுதிக் குடுத்தாச்சு. துப்பாக்கிய அவரே வச்சுக்கட்டும்."

எந்தத் துப்பாக்கிய? மாமாவோட துப்பாக்கியவா? ஏன்?

"அவர் இழுப்பார்."

கேட்டீர்களா செண்பகம்? கேட்டீர்களா? அப்பாவுடைய துப்பாக்கி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னமோ ஒரு தடவை நான் எழுந்து நின்று பேசிவிட்டேன் என்பதற்காக, வீட்டை விட்டே அதை அனுப்புகிறார். அவர் இழுப்பாராம். ஏன், இவர் இழுக்க மாட்டாரா? பழைய ட்ரிக்கரைத்தான் போடப் போகிறோமே. என்னாலேயே இழுக்க முடிந்தது. நான் ஒரு பெண்பிள்ளை, ஒரே இழுப்பில் இழுத்தேன். இவரால் மட்டும் ஏன்...

டீ ஆறிப்போய்விட்டது. சர்க்கரையும் இல்லை.

விசில் ஊதிவிட்டான். பஸ் கிளம்பப் போகிறது. நீங்கள் எதற்கு இப்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? விடுங்கள். விடுங்கள் என்கிறேன். கிளாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.